எண் நாற்பத்தேழு

பாரத்தின் பதினோராவது கட்டம்
கோயிலின் வயதைக் கேட்டது.
பதிலுக்கு ஒரு விரல் அகலம் இடம்.

மூன்று நாளாக ஓர் எல்லைக்கல்லைத் தேடுகிறோம்.
நாற்பத்தாறு, பீடோங் போகும் பாதையோரக் கால்வாயில்
சாய்ந்து கிடந்தது.
நாற்பத்தெட்டு, பழைய கிரானி வீட்டுக் கோழிக்கூண்டுக்கு முட்டு.
நடுவில் உள்ளதைக் காணோம்.
காணாவிட்டால் கோடு நேராகப் போகும்,
மேடு வீடமைப்புக்குள் விழும்.
இரண்டாம் கட்டம், நூற்றுப்பன்னிரண்டு வீடு.
மூலை மனை ஒன்றுக்கு நானும்
மனு எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஹைலக்ஸ் செம்பனைக்குள் நுழைந்தது.
பள்ளிக்கூட வரிசை மாதிரி நிரை நிரையாய்
கால் மணி நேரம் அதே மரம்.
பிறகு, எந்த மரமும் எதற்கும் ஒதுங்கி நிற்காத இடம்.
சரிவென்று கம்பெனி நடாமல் விட்ட
பதின்மூன்று ஏக்கர் காடு.

குணவதி அங்கே காத்திருந்தாள்,
கையுறை ஃபேக்டரியின் நீலச் சட்டையோடு,
இரவு ஷிப்டின் மாவு இன்னும் விரல் இடுக்கில்.
"எல்லையம்மாவப் பாக்கவா? செருப்ப இங்கயே விடுங்க."
"அட்டை இருக்குமே."
"இருக்கும். அது அவ வசூல்."

என்சிக் ஹிஷாம் தன் பூட்ஸைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார்,
சிகரெட்டை அணைத்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார்.

உள்ளே வெயில் காசு காசாகத்தான் விழுந்தது.
பிரம்பு முள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, விட்டது.
எங்கோ உயரத்தில் இருவாச்சி ஒன்று
பழைய லோரி மூச்சு வாங்குவது போலக் கடந்து போனது.
பிறகு தகரக் கூரை. மூன்று படி.
முழங்கால் உயரத்தில் அவள்.
வெள்ளிக் கண், குழந்தை அளவுப் பச்சைப் புடவை,
முன்னால் திறந்த ஓரஞ்சு போத்தல், உறிஞ்சுகுழல் செருகி.

"எத்தன வருஷமா இருக்கு?"
"ஆயிரம்," என்றாள், பஸ் நேரம் சொல்வதைப் போல.
"ஜெராய் மலையடியில எதத் தோண்டுனாலும் ஆயிரந்தானே வருது."

அளக்குமுன் குளிப்பாட்ட வேண்டுமாம்.
அவள் புடவையை அவிழ்த்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன்.
முதுகில் எண்ணெய் மரப்பட்டையாய்க் கெட்டித்திருந்தது.
சீயக்காய் போட்டுத் தேய்க்கத் தேய்க்க
உள்ளங்கையில் ஏதோ இடறியது.
உளி வெட்டிய ஓர் அம்பு.
அம்பின் கீழே நாலு.
நாலின் பக்கத்தில் ஏழு.

தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.
நான் குணவதியைப் பார்க்கவில்லை.
கண்டதைச் சொன்னால் காடு பிழைக்கும்,
அவள் துரைமார் நட்ட கல்லாகிப் போவாள்.
சொல்லாவிட்டால் தன் ஆயிரம் வருஷத்தோடு
லோரியில் ஏறி டவுன் பக்கம் போவாள்.
எனக்கு மூலை மனை.

"என்னா, பாத்துட்டிங்களா?" என்றாள்.
"வெள்ளிக்கெழம தோறும் தேய்க்கிறது என் கைதான்."
"அப்ப ஆயிரம்னு சொன்னது?"
"கல்லுக்கு அதுக்கும் மேலயே இருக்கும்."
மஞ்சளை இழைத்தபடி,
கோபமில்லாமல்தான் கேட்டாள்:
"எல்லையம்மானு பேரு வச்சவங்க
நம்பர் படிக்கத் தெரியாதவங்கனா நெனச்சிங்க?"

புடவை கட்ட அவளுக்குக் கை கொடுத்தேன்.
முடிச்சு சரியாக ஏழின் மேல் விழுந்தது.
என் கணுக்காலில் ஓர் அட்டை
அவசரமில்லாமல் வசூலித்துக்கொண்டிருந்தது.

"ஜும்பா?" என்று வெளியிலிருந்து குரல்.
மலாயில் கல்லுக்கு ஒரு சொல், ஆளுக்கு ஒரு சொல்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"டியா அடா சினி" என்றேன்.
ஆளுக்குச் சொல்வதையே சொன்னேன்.

அவர் திருத்தவில்லை.
சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
அப்புறம் ஒரு பூட்ஸ்,
அப்புறம் இன்னொன்று,
சருகின் மேல் விழுந்த சத்தம்.